கயிறு பிடிக்கிற ஆள்

மேல்வீட்டில் ட்ரெட்மில் வாங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதலில் பயந்தவன் நான்தான். எனக்கு ரொட்டி ஆலையில் அடுப்பு வேலை. விடிவதற்கு முன்பே போய், காலை பத்து மணிக்கு உடம்பெல்லாம் மாவும் சூடுமாகத் திரும்பி வந்து, மற்றவர்கள் வேலை பார்க்கும் நேரத்தில் படுத்துத் தூங்குகிறவன். என் கூரைதான் அவர்கள் தரை. மேலே ஒரு கரண்டி விழுந்தால் கீழே எனக்கு முழிப்புத் தட்டும். பதினோரு மணிக்கு மேல்வீட்டு அக்கா குக்கர் வைப்பாள். மூன்று விசில், அடுப்பு அணையும். நாலாவது விசிலை ஏழு வருஷத்தில் நான் கேட்டதில்லை. அந்தக் கணக்கிலேயே தூங்கிப் பழகியவன் நான். அந்தத் தரைமேல் ஒரு மனிதர் தினமும் தடதடவென்று நடப்பதென்றால் என் தூக்கத்துக்கு முழுக்குப் போட்டுவிட வேண்டியதுதான்.

ஆனால் அக்கா என் வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் தூக்கத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அவள் ஒரு பெரிய விடுதியில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். மதிய ஷிப்ட். நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடித்து மடித்து, நிற்கும்போதுகூட இரண்டு கையும் ஏதோ ஓரத்தைப் பிடித்த மாதிரியே இருக்கும். அன்றைக்கு அந்தக் கைகள் முந்தானை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன.

"தம்பி, ரெண்டாவது தடவையும் குதிச்சிட்டாரு."

"எங்கேருந்துக்கா?"

"ஆஸ்பத்திரி மெஷின்லேருந்துதான். ஓட ஆரம்பிச்சு அரை நிமிஷம் ஆகல. நெஞ்சுல ஒட்டின ஒயரெல்லாம் பிச்சுக்கிட்டு எகிறிக் குதிச்சு, முட்டி சிராய்ஞ்சு போச்சு. மெஷினப் பார்த்துக்கிற பொண்ணு பயந்தே போயிடுச்சு."

அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். வேலை செய்கிற இடத்தில் அவருக்குப் பெயர் பெல்ட்டுக்காரர். துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்கில் கோதுமையையும் சோளத்தையும் கப்பலுக்குக் கொண்டுபோகிற நீள நீளமான ரப்பர் பெல்ட்டுகளுக்கு ஒட்டுப் போடுவதும், உருளை மாற்றுவதும், கோணல் எடுப்பதும் அவர் வேலை. இருபத்தாறு வருஷம். போன மாதம் ஏணியில் ஏறும்போது யாரோ நெஞ்சைக் கையால் அழுத்திப் பிடித்த மாதிரி இருந்திருக்கிறது. பாதி ஏணியிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நாலு பேர் சேர்ந்து இறக்கியிருக்கிறார்கள்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"அடைப்பு இருக்கா இல்லையான்னு அதுல நடந்தாத்தான் தெரியுமாம். வேற வழி இருக்காம், அதுக்கு ரொம்ப தூரம் போய்க் காத்துக் கிடக்கணும். மூணு வாரம் டைம் குடுத்திருக்காரு. மாத்திரை போட்டுக்கிட்டு, வீட்டுல ஒண்ணு வாங்கி மெதுவா நடந்து பழகச் சொல்றாரு. பேசிக்கிட்டே நடக்க முடியணுமாம். பேச்சு திக்கினா உடனே நிறுத்திடணுமாம். அதுல நடந்து டாக்டர் எழுதிக் குடுக்கிற தாள் இல்லாம கிடங்குல ஏணிப்பக்கமே விடமாட்டாங்க தம்பி." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் அதுக்குக்கூடப் பயப்படல. பக்கத்துல படுத்துக்கிட்டு மூச்சு வருதா வருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எத்தன நாளைக்கு இப்படிப் பார்த்துக்கிட்டே இருக்கிறது?"

மறுநாள் மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். பேரம் பேசுவதில் நான் கெட்டிக்காரன் என்று அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. சத்தம் குறைந்த மெஷினாகப் பார்த்து வாங்கவைக்கலாம் என்று எனக்கும் ஒரு சுயநலம்.

கடையில் ஆறு ட்ரெட்மில்கள் வரிசையாக நின்றன. கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண்மணி வந்தாள். நின்று நின்று கால் கடுத்தவள் என்று காலை மாற்றி மாற்றி ஊன்றுவதிலேயே தெரிந்தது. முதல் மெஷினைத் தட்டிக்கொடுத்து, "சார், இதுல நாலு குதிரைத்திறன் மோட்டார்" என்றாள்.

"நாலுங்கிறது எப்ப? கிளம்புறப்ப ஒரு மூச்சுக்கா, இல்ல நாள் முழுக்க ஓடுறப்பவா?" என்று கேட்டார் அண்ணன்.

அவள் அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். "தொடர்ந்து ஓடுறதுக்கு... ஒண்ணரை, சார்."

"அதச் சொல்லுங்க. மிச்ச ரெண்டரை கல்யாணத்துக்குப் போட்டுட்டு வந்த இரவல் நகை."

"இதுல திரை இருக்கு சார். நடக்குறப்ப மலைப்பாதை தெரியும்."

"மலை எதுக்கும்மா எனக்கு? ஏணியிலேயே பாதியில நின்னவன்."

அப்புறம் அவளைப் பேசவே விடவில்லை. தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து அடிவயிற்றைப் பார்த்தார். உருளை ஒல்லியாக இருந்தால் பெல்ட் மடங்கி மடங்கிச் சீக்கிரம் வெடித்துவிடும் என்றார். அகலத்தைச் சாணால் அளந்து, இதில் கால் ஓரத்தில் ஏறிவிடும் என்று இரண்டை ஒதுக்கினார். எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறதோ அதில் இருபதைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். பெல்ட் தேய்ந்தால் தனியாகக் கிடைக்குமா, வந்து மாட்டுகிற ஆள் இந்த ஊரிலேயே இருக்கிறானா, எத்தனை மணிநேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் விடவேண்டும் என்று கேட்டார். அந்தப் பெண்மணி பாதிக் கேள்விக்குப் பதில் தெரியாமல், "இருங்க சார், கேட்டு வரேன்" என்று மூன்று தடவை உள்ளே ஓடினாள்.

கடைசியில் சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து மூன்றாவது மெஷினின் பெல்ட்டில் குறுக்கே ஒரு கோடு போட்டார். "தம்பி, ஏறு."

"நானா?"

"பின்ன? தொண்ணூத்து நாலு கிலோ சும்மாவா வச்சிருக்க. உன்னையே நிறுத்துற மெஷின் யாரையும் நிறுத்திடும்."

நான் ஏறி நடந்தேன். ட்ரெட்மில்லின் முகப்பில் ஒரு சிவப்புச் சாவி. அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்று நுனியில் ஒரு கிளிப். நடக்கிறவர் அதைச் சட்டையில் மாட்டிக்கொள்ள வேண்டும், தடுக்கி விழுந்தால் சாவி பிடுங்கிக்கொண்டு மெஷின் நின்றுவிடும் என்று விற்பனைக்காரி விளக்கினாள். அண்ணன் அதை என் சட்டையில் மாட்டவில்லை. தன் கையில் பிடித்துக்கொண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று இழுத்தார். கோடு இரண்டு சாண் ஓடி நின்றது. "வேணாம்." அடுத்தது ஒரு சாண், ஆனால் வெட்டி நின்றதில் நான் கைப்பிடியில் மூக்கை இடித்துக்கொண்டேன். "இதும் வேணாம்." மூலையில் தூசி படிந்து ஒன்று நின்றது. திரை கிடையாது, பாட்டு கிடையாது, மூன்றே பொத்தான். இருந்த ஆறில் விலை குறைவிலிருந்து இரண்டாவது. அது நாலு விரற்கடையில், வெடுக்கென்று இல்லாமல் அமர்ந்தாற்போல் நின்றது. மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். மூன்று தடவையும் நாலு விரற்கடை.

"இதுதான்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

"நீங்க ஒரு தடவை ஏறிப் பாருங்க சார்."

அண்ணன் இரண்டடி பின்னால் போனார். முழங்கை வரைக்கும் அந்த மெஷினுக்குள் கையை விட்டவர், ஒரு காலைக்கூட அதன்மேல் வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தில் வியர்வை. அக்கா சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் அவசர அவசரமாகப் பேரத்தை ஆரம்பித்தேன். கடைசியில் ஒரு புட்டி எண்ணெய் மட்டும் சும்மா கிடைத்தது.

மெஷின் வந்து இறங்கியது. பீரோவைக் கூடத்துக்குத் தள்ளி, கட்டிலைச் சுவரோரம் நகர்த்தி, பின்பக்கம் இரண்டு ஆள் நீளத்துக்கு வெறும் தரை விடச் சொன்னார் அண்ணன். தூக்கி எறிந்தால் சுவரில் போய் மோதக்கூடாதாம். கிடங்கிலிருந்து கழித்துப்போட்ட பெல்ட் ரப்பரை வாங்கி வந்து இரண்டு மடிப்பாக அடியில் விரித்தார். "உன் தூக்கத்துக்குத்தான்டா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் ஒன்பது நாள் அவர் ஏறவே இல்லை.

எண்ணெய் விட்டார். கோணல் எடுத்தார். வெறுமனே ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாத்திரையை விழுங்கிவிட்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் கீழே படுத்துக்கொண்டு கூரையையே பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வருமே என்று பயந்தவன், இப்போது வரவில்லையே என்று பயந்து கிடந்தேன். மூன்று வாரத்தில் பாதி போய்விட்டது.

பத்தாவது நாள் எனக்கு விடுமுறை. அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். நான் சூடு ஆறாத ரொட்டி இரண்டு வாங்கிக்கொண்டு போனேன். முட்டையும் உருளைக்கிழங்கும் அவித்து வைத்திருந்தாள். அண்ணன் ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் குவித்தார், தின்னவில்லை.

"துணி காயப்போடலாம்னு இருக்கேன் அதுல" என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை.

"ஏங்க, என்னதான் பயம் உங்களுக்கு? சொன்னாத்தானே தெரியும். நெஞ்சு வலிக்குமோன்னா?"

"நெஞ்சு இல்ல."

"பின்ன?"

"இருபத்தாறு வருஷமா ஊருக்கெல்லாம் கத்திக்கிட்டிருக்கேன், பெல்ட்டு மேல கால வைக்காதன்னு. நின்னுக்கிட்டிருந்தாலும் வைக்காதன்னு. இப்ப ஓடுறதுல ஏறுங்கிறாங்க. காலு கேக்கமாட்டேங்குதும்மா. நான் குதிக்கல. காலு குதிக்குது."

"அது மட்டும்தானா?"

ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் லாரி ஒன்று பின்னோக்கி வந்து நின்றது. அது நிற்கும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வேலையில ஒரு முறை உண்டு" என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார். அக்காவைப் பார்க்கவில்லை. "பெல்ட்டு மேல ஏறித்தான் ஆகணும்னா, சாவியப் பிடுங்கி ஏறுறவன் தன் பையில வச்சுக்கணும். அதோட பெல்ட்டு ஓரமா ஒரு கயிறு போகும், இழுத்தா எல்லாம் நின்னுடும். அதுகிட்ட ஒரு ஆள் நிக்கணும். கயிறு பிடிக்கிற ஆள். அவனுக்கு வேற வேலை கிடையாது. ஏறினவன் கால மட்டும்தான் பார்க்கணும்."

"சரி."

"நம்ம நெட்டையன் இருக்கானே."

நெட்டையனை எனக்கும் தெரியும். கிடங்கு வாசலில் காவல் அறையில் உட்கார்ந்திருப்பவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பெல்ட்டில் மாட்டிப் போனது என்று எல்லாருக்கும் தெரியும். போகிற வருகிறவர்களிடமெல்லாம் அண்ணனைக் காட்டி, இந்த மனுஷன் கயிற்றை இழுத்ததால்தான் காலோடு போச்சு, இல்லையென்றால் தலையும் போயிருக்கும் என்று சொல்வார்.

"அன்னிக்குக் கப்பல் காத்துக்கிட்டிருந்துச்சு. மேஸ்திரி அவசரப்படுத்துறான்னு சாவி எடுக்காம ஏறிட்டான். நான்தான் கயிறு பிடிச்சிருக்கேனேன்னு ஏறினான். கீழேருந்து ஒருத்தன் கூப்பிட்டான், டீ வந்தாச்சுன்னு. நான் திரும்பி, 'வரேன்'னேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. வரேன்னு சொல்ற நேரம். திரும்பிப் பார்த்தா, நின்ன பெல்ட்ட எவனோ ஓடவிட்டு, அது போய்க்கிட்டிருக்கு."

அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"பதினாலு வருஷமா தினம் காலையில கும்புடுறான். நீதான்டா என் உசுரக் காப்பாத்தினவன்ங்கிறான். நான் அதக் கேட்டுக்கிட்டு உள்ள போறேன். மெஷின்ல கால வச்சா, எனக்குப் பின்னாடி யாரோ 'வரேன்'னு சொல்றது கேக்குது. என் குரல்தான். எப்படி ஏறுவேன் சொல்லு."

ஆறுதலாக என்னவோ சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். அவர்முன் வந்து கையை நீட்டினாள். விரிப்பின் மறுமுனையை வாங்க நீட்டுகிற அதே கை.

"அந்தச் சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"கயிறு நான் பிடிக்கிறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"நாலு பேரு படுக்கிற விரிப்ப மடிக்கிறப்ப எதிர்ல நிக்கிறவ கையத்தான் பார்க்கணும். வேற எங்க பார்த்தாலும் கோணிக்கும். பதினெட்டு வருஷமா அதத்தான் செய்றேன். குடுங்க."

அவர் கொடுக்க வெகுநேரம் ஆயிற்று.

அன்றைக்கு ஒரு நிமிஷம். மெஷின் எவ்வளவு மெதுவாக ஓட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓடியது. அண்ணன் கைப்பிடியைப் பிடித்த பிடியில் விரல் எல்லாம் வெளுத்துவிட்டது. டாக்டர் சொன்னபடி பேசவேண்டுமே, பேச ஒன்றும் வராமல் எண்ணிக்கொண்டே நடந்தார். இருபத்தேழில் கால் பக்கவாட்டில் தாவியது. அதற்கு முன்பே பெல்ட் நின்றிருந்தது. தாவப்போகிறார் என்று அவருக்குத் தெரியும் முன்பே அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் நெற்றியிலும் வியர்வை. "இன்னொரு தடவை" என்றாள்.

மறுநாள் மூன்று நிமிஷம். அதற்கு மறுநாள் ஐந்து. நான் கீழே படுத்துக்கொண்டு கூரை வழியாக எண்ணினேன். இரண்டு மடிப்பு ரப்பரையும் தாண்டி மெத்து மெத்தென்று காலடி வந்தது. ஏன் பொய் சொல்லவேண்டும், ஒவ்வொரு அடிக்கும் அடுத்த அடி வருமா என்று பயந்துகொண்டேதான் கேட்டேன். தூக்கமாவது ஒன்றாவது.

தேதிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு காலை. வேலையிலிருந்து வந்து படுத்திருந்தேன். மேலே காலடி. கூடவே குக்கர் விசில். ஒன்று. இரண்டு. மூன்று. நான் கண்ணை மூடினேன். நாலு.

எழுந்து உட்கார்ந்தேன். ஐந்து. ஆறு. காலடி நிற்கவில்லை. ஏழு. எட்டு. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் காலடி எப்படி வரும்? அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? மெஷின் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருக்கிறதா? ஒன்பதாவது விசில் வரவே இல்லை, ஓயாத சீறல் மட்டும் வந்தது. வெறுங்காலோடு படியேறி ஓடினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினால் வீடெல்லாம் தீய்ந்த வாசனை.

"அக்கா! அடுப்பு!"

அவள் திரும்பவில்லை. மெஷின் பக்கத்தில், கயிறு ஒரு சுற்றுச் சுற்றிய கையோடு, அண்ணன் பாதத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் மறுபடி கத்தினேன். கண்ணிமைகூட இந்தப் பக்கம் அசையவில்லை.

"நீயே அணைச்சிடு தம்பி. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

நான் ஓடி அணைத்தேன். தண்ணீரெல்லாம் சுண்டி உருளைக்கிழங்கு கரியாகிக் கிடந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் குக்கர் வெடித்து மூன்று பேரும் போய்ச் சேர்ந்திருப்போம். நன்றாகத் திட்டிவிடவேண்டும் என்று திரும்பி வந்தேன்.

அண்ணன் நடந்துகொண்டிருந்தார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"தம்பி எவ்வளவு கத்தினான்" என்றார். "நீ திரும்பலயே."

"பேசிக்கிட்டே நடங்க. திக்குதா?"

"திக்கல."

"அப்ப நடங்க."

திட்ட வந்தவன் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கீழே போனேன்.

ஆஸ்பத்திரியில் அந்த அறை வாசலிலேயே தகராறு வந்தது. கூட வந்தவர்கள் வெளியேதான் நிற்கவேண்டுமாம். இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கயிறு பிடிக்கிற ஆளோடு போனால் போதும் என்று மூன்று பேரும் அசட்டுத்தனமாக நம்பிக்கொண்டு வந்துவிட்டோம். அண்ணன் முகம் சுருங்கிப்போனது. போன தடவை பயந்துபோன அதே பெண்தான் உள்ளே. அவள் அவரை அடையாளம் கண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"நிறுத்துற பொத்தான் யார் கையிலம்மா?" என்று கேட்டார்.

"என் கையிலதான், ஐயா."

"யாராச்சும் உன்னைக் கூப்பிட்டா?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். "கதவைத் தாழ் போட்டுடுவேன் ஐயா. யாரும் கூப்பிட முடியாது."

அண்ணன் தலையாட்டினார். நெஞ்சில் ஒயர் ஒட்டவேண்டும் என்று சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். வீட்டு மெஷினின் சாவி, கயிற்றோடு அந்தச் சட்டைப்பையில் இருந்தது. புறப்படும்போது பழக்கத்தில் பிடுங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். "வெளிய வந்தா நேரா கிடங்கு வாசலுக்குத்தான்" என்றார். "நெட்டையன்கிட்ட அன்னிக்கு நான் திரும்பினதச் சொல்லிடணும்." தாழ் விழுந்தது.

மெஷின் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு காலடி. அக்கா கதவுக்கு நேராக, கதவின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள். சட்டையை மார்போடு அணைத்து, ஒரு கையைப் பைக்குள் விட்டிருந்தாள். மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை உள்ளே சத்தம் மாறி வேகம் கூடியது. இந்த வேகம் நம் வீட்டில் இல்லை. ஆறு நிமிஷம். மறுபடி வேகம் கூடியது. காலடி தடுமாறியது போல ஒரு சத்தம், பிறகு சரியானது. ஒன்பது நிமிஷம் ஆனபோது மெஷின் நின்றது. அதன்பின் உள்ளே ஒன்றுமே கேட்கவில்லை. கதவும் திறக்கவில்லை. டாக்டர் பக்கத்துக் கதவு வழியாக வேகமாக உள்ளே போனார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தாழ் விலகியது. அந்தப் பெண் தலையை நீட்டினாள்.

"சொன்ன நேரம் முழுக்க நடந்துட்டாரும்மா. ஒரு தடவைகூட எறங்கல. டாக்டர் தாளைப் பார்த்துட்டாரு, பயப்பட ஒண்ணும் இல்லையாம், மாத்திரையிலேயே சரியாயிடுமாம். சட்டையக் குடுங்க, குளிருதுங்கிறாரு."

அக்கா சட்டையை நீட்டினாள். அந்தப் பெண் வாங்கி இழுத்தாள், சட்டை வரவில்லை. மறுபடி இழுத்தாள். அக்கா தன் கையையே குனிந்து பார்த்தாள். பைக்குள் சாவிக்கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்த விரல்கள் இறுகிப்போய், அவள் எவ்வளவு முயன்றும் பிரியவில்லை. நான்தான் பக்கத்தில் போய் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன்.